199 டாலர் ரிவால்வர் எனக்கு வைத்த செலவு

2019 நவம்பர், தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள். சின்சினாட்டிக்குப் பக்கத்தில் வேட்டைச் சாமான், தூண்டில், கூடாரம் எல்லாம் விற்கும் ஒரு பெரிய கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் அது படுத்திருந்தது. கோல்ட் கம்பெனியின் 1851 நேவி ரிவால்வரைப் பார்த்து இத்தாலியில் செய்த நகல். எண்கோணக் குழல், வால்நட் கைப்பிடி, பித்தளை ஃபிரேம். விலை 199 டாலர். அதற்கு அடுத்ததாக எஃகு ஃபிரேம் போட்டது 330. குறைந்த விலையும் பளபளப்பும் ஒரே பொருளில் சேர்ந்திருந்தால் என்னைப் போன்ற ஆள் எதை எடுப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை. பில் போடச் சொல்லிவிட்டேன்.

இந்தச் சாமான் என்னவென்று தெரியாதவர்களுக்கு: இது தோட்டா போட்டுச் சுடும் ரிவால்வர் அல்ல. சிலிண்டரில் உள்ள ஆறு அறைகளிலும் முன்பக்கமாகக் கருமருந்தை அளந்து கொட்டி, அதன்மேல் உருண்டை ஈயக் குண்டை வைத்து, குழலுக்குக் கீழே இருக்கும் நெம்புகோலால் அழுத்த வேண்டும். பின்பக்கத்தில் ஒவ்வொரு அறைக்கும் நிப்பிள் என்ற துளையுள்ள சின்னக் குமிழ் ஒன்று இருக்கும். அதில் செம்பில் செய்த சின்னத் தொப்பி ஒன்றை மாட்ட வேண்டும். நம்மூர்ப் பொட்டுவெடியின் பெரியப்பா மாதிரி. குதிரை என்று சொல்லும் சுத்தி வந்து அதில் அடித்தால் பொறி பறந்து மருந்து பற்றும். ஆறு குண்டு சுட ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். புகை அடங்க இன்னும் ஒரு நிமிடம். வேலை முடிந்து களைத்து வருகிறவனுக்கு இதில் என்ன சுகம் என்றால், அந்த ஐந்து நிமிடத்தில் வேறு எதையும் நினைக்க முடியாது.

சட்ட விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1968-ல் வந்த அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்படித் தோட்டா ஏற்காத கருமருந்து நகல்களைப் பழம்பொருள் வகையில் வைக்கிறது. ஆனால் அது மத்தியச் சட்டம் மட்டுமே. நியூ ஜெர்சி, இல்லினாய் போன்ற மாநிலங்களில் கதை வேறு. சில மாநிலங்களுக்குக் கடைக்காரர்களே அனுப்ப மாட்டார்கள். 'பழம்பொருள்தானே' என்று நண்பர் சொன்னதை நம்பி வாங்காதீர்கள், உங்கள் மாநிலச் சட்டத்தை நீங்களே படியுங்கள். நான் எச்1பி விசாவில் இருந்த ஒன்பது வருடமும் எந்தத் துப்பாக்கியையும் தொடவில்லை. கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் இந்த ஆசைக்கே இடம் கொடுத்தேன். அது சட்டம் கேட்ட எச்சரிக்கையா, என் பயமா என்றால், பாதிப் பாதி.

சரி, பித்தளைக்கு வருவோம்.

எனக்குப் பித்தளை புதிதல்ல. பீளமேட்டில் மாமாவின் பம்ப்செட் பட்டறையில் கோடை விடுமுறை முழுக்க, பித்தளைக்குப் பங்காளியான கன்மெட்டலில் புஷ் கடைந்து கொடுத்தவன் நான். எஃகுத் தண்டு சுற்றும்போது தண்டு தேயாமல் புஷ் தேய வேண்டும் என்பதற்காகத்தான் அதைக் கன்மெட்டலில் போடுகிறோம். தேய்வதற்கென்றே இருக்கும் உலோகம் அது. இதே பாடம் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது ஏன் நினைவுக்கு வரவில்லை என்று இன்றுவரை என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

பித்தளை ஃபிரேம் ஒன்றும் கடைக்காரர்கள் கண்டுபிடித்த தந்திரமல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தெற்கு மாநிலங்களில் இரும்புக்குக் கடும் தட்டுப்பாடு. ஜார்ஜியா மாநிலம் கிரிஸ்வோல்ட்வில்லில் இருந்த கிரிஸ்வோல்ட் அண்ட் கன்னிசன் பட்டறை 1862-லிருந்து பித்தளை ஃபிரேமில் நேவி ரிவால்வர்களை நகலெடுத்தது. சுமார் 3,600 செய்திருக்கிறார்கள். 1864 நவம்பரில் வடக்குப் படை வந்து பட்டறையைக் கொளுத்தியதோடு கதை முடிந்தது. ஆனால் அவை 36 காலிபர் (காலிபர் என்பது குழல் துளையின் அளவு). கோல்ட்டின் அசல் 1851 நேவியும் 36 தான். நான் வாங்கியதோ 44 காலிபர். அப்படி ஒரு 1851 நேவியைக் கோல்ட் விற்றதே இல்லை. பெரிய குண்டு, அதிக உதை, மெத்தென்ற உலோகம். சரித்திரத்தில் இல்லாத ஜோடி அது. பார்வைக்கு மட்டும் சரித்திரம்.

கூட வந்த கையேட்டில் பித்தளை ஃபிரேமுக்கு மருந்து குறைவாகப் போடச் சொல்லித்தான் இருந்தது. நான் அறை கொள்ளும் மட்டும் போட்டேன். சத்தமும் புகையும் வேண்டுமே. எட்டு மாதத்தில் ஏறக்குறைய முந்நூறு குண்டு. ஒருநாள் கழுவுவதற்காகச் சிலிண்டரைக் கழற்றியபோது, ஃபிரேமில் அதன் பின்முனை வந்து உட்காரும் இடத்தில் வளையமாக ஒரு தடம் தெரிந்தது. தோசைக்கல்லில் கரண்டி பட்ட தடம் மாதிரி இல்லை, பணியாரச் சட்டிக் குழி மாதிரி. விரல் நகம் அதில் இறங்கியது. ஒவ்வொரு வெடிக்கும் எஃகுச் சிலிண்டர் பின்னால் வந்து பித்தளையைச் சுத்தியலால் தட்டியிருக்கிறது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தேன். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே வாங்கிய அன்று ஆயிரத்தில் ஆறு பங்கு அங்குலமாக இருந்த இடைவெளி பதினான்காகியிருந்தது. இதைவிட மோசம், சிலிண்டர் சுற்றும் நடுத்தண்டு. கோல்ட் வடிவமைப்பில் சிலிண்டருக்கு மேலாக ஓடும் மேல்பட்டை கிடையாது. குழல் மொத்தமும் அந்தத் தண்டில் ஒரு ஆப்பு அடித்துத்தான் நிற்கிறது. அந்தத் தண்டின் மரை இறங்கியிருப்பது பித்தளையில். அதுவும் லேசாக ஆட ஆரம்பித்திருந்தது.

ஆக, பித்தளை வாங்கவே கூடாதா? வாங்கலாம். 36 காலிபராக இருந்தால், மருந்தைக் குறைத்துப் போடும் பொறுமை இருந்தால், இருபது வருடம் ஓடும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை என்று எனக்கே தெரிய 199 டாலர் ஆனது.

199 என்றும் சொல்ல முடியாது. அப்போதைய கணக்கு நோட்டிலிருந்து எடுத்துச் சொல்கிறேன். கருமருந்து ஒரு பவுண்டு 32 டாலர். தொப்பி நூறு கொண்ட டப்பா 11. ஈயக் குண்டு நூறு 19. அளவுக்குழாயோடு மருந்துக் குடுவை 36. நிப்பிள் கழற்றும் சாவி 10. தொப்பி மாட்டும் கருவி 26. மொத்தம் 134. துப்பாக்கி விலையில் மூன்றில் இரண்டு பங்கு, அதுவும் ஒரு குண்டு சுடுவதற்கு முன்பே. 'மலிவான நகல்' தேடுகிறவர்கள் முதலில் இந்த 134-ஐ எடுத்து வைத்துவிட்டு, மீதிக்கு என்ன வரும் என்று பார்க்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன்.

அதற்குப் பிறகு ஆகும் செலவு பரவாயில்லை. ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன். தடவைக்கு 25 கிரெய்ன் போட்டால் 280 குண்டுக்கு வரும். மருந்து 11 சென்ட், தொப்பி 11, குண்டு 19. ஆறு அறைக்கும் சேர்த்து அப்போதைய விலையில் இரண்டரை டாலர். ஒரு காப்பிக்குக் குறைவு. ஈயத்தை வாங்கி வீட்டில் உருக்கி வார்த்தால் இன்னும் குறையும், ஆனால் சுத்த ஈயம் வேண்டும். டயர் கடையில் கிடைக்கும் எடைக்கட்டி ஈயம் கடினம், நெம்புகோல்தான் வளையும். ஈயப்புகையும் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. நான் டப்பாவில்தான் வாங்குகிறேன்.

மருந்து கிடைப்பதே ஒரு பாடு. அசல் கருமருந்து வெடிபொருள் வகையில் வருவதால் பெரிய கடைகள் பல அதை வைப்பதில்லை. மாற்றுப்பொடிதான் வைத்திருப்பார்கள். இணையத்தில் வாங்கினால் அபாயப் பொருள் கட்டணம் தனி. ஒரு பவுண்டுக்கும் பத்து பவுண்டுக்கும் அந்தக் கட்டணம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கிப் பங்கு பிரித்துக்கொள்கிறோம், தீபாவளிச் சீட்டு மாதிரி. 2020-லிருந்து இரண்டு வருடம் தொப்பிக்கு அப்படியொரு பஞ்சம், 11 டாலர் டப்பாவை 30-க்குக் கேட்டார்கள். 2021-ல் அமெரிக்காவின் பழைய கருமருந்து நிறுவனமான கோயெக்ஸ் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. மறுவருடம் மாதிரி ராக்கெட் செய்யும் எஸ்டெஸ்காரர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள்.

இந்தத் தட்டுப்பாடும் புதிதல்ல. 1861-ல் போர் தொடங்கியதும் மருந்து செய்ய வெடியுப்பு போதாமல், லாமட் டூபாண்ட் என்பவரை லிங்கன் அரசு இங்கிலாந்துக்கு அனுப்பியது. அங்கே கிடைத்ததில் பெரும்பங்கை அவர் வாங்கிக் குவித்தார். கப்பலேற்றும் நேரத்தில் இங்கிலாந்து அரசு தடை போட்டு, மறுவருடத் தொடக்கத்தில்தான் விட்டது. அந்த வெடியுப்பு எங்கிருந்து போனது என்று நினைக்கிறீர்கள்? பீகார், வங்காளப் பக்கத்திலிருந்து. இதைப் படித்த அன்று குடுவையைக் கையில் எடுத்தபோது கொஞ்சம் உரிமையாகவே எடுத்தேன்.

இரண்டாவது ரிவால்வருக்குப் பொறுமையாகத் தேடினேன். இண்டியானாவில் ஃபிரண்ட்ஷிப் என்று ஒரு சிற்றூர், எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். குழல் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளுக்கென்று 1933-ல் தொடங்கிய தேசியச் சங்கத்தின் மைதானம் அங்கே இருக்கிறது. ஜூனிலும் செப்டம்பரிலும் போட்டிகள் நடக்கும். போட்டியோடு சேர்ந்து சந்தை. பக்கத்திலேயே பழைய சாமான் சந்தை தனியாக. பொள்ளாச்சிச் சந்தையில் மாடு பார்ப்பது போல அங்கே துப்பாக்கி பார்க்கிறார்கள். வாயைத் திறந்து பல் பார்க்கிற வேலை முதல் கொண்டு.

2022 செப்டம்பர். முதல் மேசையில் 90 டாலருக்கு ஒன்று. கையில் எடுத்தவுடன் எடை நன்றாக இருந்தது. ஆனால் செய்த கம்பெனி மூடிப் பல வருடம். கோல்ட் மாதிரி, ரெமிங்டன் மாதிரி என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒரு இத்தாலியக் கம்பெனியின் திருகும் வில்லும் இன்னொன்றுக்குச் சேராது. சின்ன வில் ஒன்று உடைந்தால் அரத்தை எடுத்து நாமே ராவ வேண்டும். ஸ்பேர் கிடைக்காத மொபெட்டை யாராவது சும்மா கொடுத்தால்கூட யோசிப்போமே, அப்படி வைத்துவிட்டு நகர்ந்தேன். உபெர்ட்டி, பியெட்டா இரண்டும் இன்றும் ஓடுகிற கம்பெனிகள், உதிரிபாகம் கிடைக்கிறது. 1950-களின் இறுதியில் நியூ ஜெர்சிக்காரர் வால் ஃபார்கெட் இத்தாலியின் கார்டோனே வால் திரோம்பியாவுக்குப் போய், வரப்போகும் உள்நாட்டுப் போர் நூற்றாண்டு நிறைவை நம்பி நேவி நகலுக்கு ஆர்டர் கொடுத்ததிலிருந்துதான் இந்தத் தொழிலே ஆரம்பம். அந்தப் பள்ளத்தாக்கில் அப்போது சின்னச் சின்னப் பட்டறைகள் நிறைய முளைத்தன, நிறைய போயும்விட்டன.

கடைசி வரிசையில் எழுபது வயது தாண்டிய ஒருவர், மெழுகுத்துணி விரித்த மேசை. ரெமிங்டன் 1858 நகல், 44 காலிபர், எஃகு ஃபிரேம். 1858 என்பது காப்புரிமை வாங்கிய வருடம். அசல் நியூ மாடல் ஆர்மி ரிவால்வர்கள் செய்யப்பட்டது 1863 முதல் 1875 வரை. இதில் மேல்பட்டை உண்டு. சிலிண்டரைச் சுற்றி ஃபிரேம் முழுச் சதுரமாக மூடியிருக்கும். ஆப்பு, தளர்ச்சி என்ற தொல்லையே இல்லை. கேட்ட விலை 225.

பழைய துப்பாக்கி எதை எடுத்தாலும் முதல் வேலை, உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. யாரோ ஒருவர் கெட்டித்து வைத்துவிட்டு மறந்து செத்துப்போயிருக்கலாம். நிப்பிளில் தொப்பி இல்லை என்பது போதாது. அவரிடம் அனுமதி கேட்டுச் சிலிண்டரைக் கழற்றினேன். குதிரையைப் பாதி இழுத்து வைத்து, நெம்புகோலை இறக்கி, சிலிண்டர் சுற்றும் முள்ளை முன்னால் இழுத்தால் போதும், உள்ளங்கையில் உருண்டு விழும். பென்சில் தடிமன் மரக்குச்சி ஒன்று எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பேன். ஆறு அறையிலும் விட்டு ஆழம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றுபோல இறங்கியது. அவர் முகத்தில் அப்போதுதான் ஒரு மரியாதை வந்தது.

அப்புறம் நிதானமாக மற்றவை. குதிரையை மெல்ல இழுத்தால் சிலிண்டர் சுற்றி, குதிரை முழுதாகப் பின்னால் போகும் கணத்தில் 'டக்'கென்று பூட்ட வேண்டும். ஆறு அறைக்கும் ஆறு முறை. ஒன்றில் மட்டும் பூட்டாமல் நழுவினால்கூட விலை பாதி. பூட்டிய நிலையில் சிலிண்டரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், மயிரிழை ஆட்டம், அது சரி. குழலின் ஒரு முனையில் வெள்ளைக் காகிதத் துண்டை வைத்து வெளிச்சம் அடித்து மறுமுனையில் பார்த்தேன். வரிப்பள்ளங்கள் கூர்மையாக இருந்தன. நடுவில் மட்டும் கொஞ்சம் துருப்புள்ளி. நிப்பிள்கள் ஆறும் காளான் மாதிரி தலை நசுங்கியிருந்தன. தொப்பி இல்லாமலே யாரோ வெறுமனே சொடுக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். திருகுத் தலை இரண்டு சிதைந்திருந்தது. குழலின் அடியில் சின்னச் சதுரத்துக்குள் இரண்டு எழுத்து. இத்தாலியச் சோதனைச்சாலை குத்தும் வருட முத்திரை அது, 1975-லிருந்து எழுத்துகளில் வருகிறது. பட்டியலை வைத்துப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். அவர் 'பத்து வருடம் பழசு' என்றார். முத்திரை முப்பது வருடம் என்றது.

நசுங்கிய நிப்பிளைக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை. புது நிப்பிள் ஆறுக்கு 35 டாலர் ஆகும் என்றேன். வயதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, முத்திரையை மட்டும் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 175-க்கு முடிந்தது. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, குதிரையைப் பாதி இழுத்து வைக்காமல் சிலிண்டரைத் திருகாதே என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, பழைய மாட்டுக்கொழுப்பு டப்பா ஒன்றையும் இலவசமாகக் கொடுத்தார்.

புதிது வாங்குகிறவர்கள் கோல்ட் மாதிரிதான் வேண்டும் என்றால், எஃகு ஃபிரேமிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிலவற்றில் நடுத்தண்டு குழலில் உள்ள துளையின் அடிவரை போய் முட்டாது. ஆப்பை எவ்வளவு அடிக்கிறோமோ அவ்வளவு குழல் பின்னால் வந்து சிலிண்டரைக் கவ்வும். லேசாக அடித்தால் சுற்றும், ஓங்கி அடித்தால் இறுகும். துளைக்குள் சரியான கனத்தில் ஒரு வாஷரைப் போட்டால் தீரும் பிரச்சினைதான். லேத் தெரிந்தவனுக்கு அரைமணி வேலை. தெரியாதவர் ரெமிங்டன் மாதிரிக்கே போவது நல்லது.

சுடும்போது கவனிக்க வேண்டியது நிறைய. எனக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன். குண்டு அறையின் விளிம்பை உரசி ஈயத்தில் மெல்லிய வளையம் ஒன்று சீவி விழ வேண்டும். விழவில்லை என்றால் குண்டு சின்னது. ஒருமுறை மற்றவர் கொடுத்த குண்டைப் போட்டுச் சுட்டபோது பக்கத்து அறையும் சேர்ந்து வெடித்தது. கை பிழைத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு குண்டுக்கும் அடியில் கொழுப்பு தடவிய கம்பளி வட்டு வைக்கிறேன், நிப்பிளுக்கு இறுக்கமாக உட்காரும் தொப்பி மட்டும் போடுகிறேன். குடுவையிலிருந்து நேராக அறைக்குள் கொட்டுவதில்லை. அறைக்குள் ஒரு கங்கு மிச்சமிருந்தால் கையில் இருப்பது குடுவை இல்லை, வெடிகுண்டு. அளவுக்குழாயில் எடுத்து, குடுவையைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் கொட்ட வேண்டும். உள்ளரங்குகள் பல புகைக்காகவே இதை அனுமதிப்பதில்லை. வாங்கும் முன் சுட இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஊருக்குக் கொண்டுவந்து காட்டலாம் என்ற நினைப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் பழம்பொருள், இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் தேவைப்படும் துப்பாக்கி. கருமருந்தும் தொப்பியும் விமானத்தில் எந்தப் பெட்டியிலும் வரக்கூடாது. மச்சான் கேட்டான், போட்டோ அனுப்பினேன்.

மருந்தைக் குறைத்துப் போட்டால் குண்டு அறைக்குள் ஆழமாக இறங்கிவிடும், குறி தவறும். நடுவில் எதையாவது நிரப்ப வேண்டும். இங்கே சோளமாவு போடுகிறார்கள், அல்லது காலை உணவுக்கு வைத்திருக்கும் கோதுமை நொய். அந்த நொய் வேறொன்றுமில்லை, நம் ரவைதான். பித்தளை ரிவால்வரை நான் விற்கவில்லை. ஆடும் தண்டைக் கழற்றி, மரைக்குள் பசை விட்டு இறுக்கி, இப்போது 15 கிரெய்ன் மருந்தும் அதன்மேல் ஒரு சிட்டிகை ரவையுமாகச் சுடுகிறேன். ஆறு மாதமாக ஃபீலர் கேஜ் நகரவில்லை.

சுட்ட அன்றே கழுவியாக வேண்டும். மறுநாள் என்றால் துரு. கருமருந்தின் எச்சம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கொதிக்கிற தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்பு, பிரஷ். சூட்டிலேயே காய்ந்துவிடும், உடனே எண்ணெய். நிப்பிள் மரையில் கொஞ்சம் கிரீஸ். தண்ணீர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். முதல் தடவை அதைச் சமையலறைத் தொட்டியில் செய்தேன். இப்போது கராஜில் தனி வாளி.

போன சனிக்கிழமை அந்த வாளிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது உள்ளிருந்து குரல் வந்தது. "ஏனுங்க, உப்புமாவுக்கு வெச்சிருந்த ரவை டப்பா எங்கீங்க?"